யாரும் கை காட்டாத மதியம்

என் ஸ்கூட்டரின் முன்விளக்கை அணைப்பதற்கு சுவிட்ச் கிடையாது. வண்டியைக் கிளப்பினால் விளக்கும் கூடவே எரியத் தொடங்கிவிடும். உச்சி வெயிலிலும் எரியும். இப்போது வருகிற வண்டிகளெல்லாம் அப்படித்தான். எதிரே வருகிறவர்கள் கண்ணில் நாம் பட வேண்டும் என்பதற்காக அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு. வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. பகலில் விளக்கெரிய ஒரு வண்டி வந்தால் இங்கே யாருக்கும் கை சும்மா இருக்காது. ஐந்து விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்து, லைட் எரிகிறது என்று சைகை காட்டிவிட்டுத்தான் நகர்வார்கள்.

மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போகிறவர் காட்டுவார். மினி பஸ் டிரைவர் காட்டுவார். ரோட்டோரம் ஆடு மேய்க்கிற அம்மா கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காட்டுவார். ஒரு தடவை எதிரே சாவு ஊர்வலம் ஒன்று வந்தது. வண்டியை ஓரங்கட்டி மரியாதையாக நின்றேன். முன்னால் சங்கு ஊதிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் சங்கை வாயிலிருந்து இறக்கி, இன்னொரு கையால் குவித்து விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி ஊதிக்கொண்டு போனார்.

நான் பொறுமைசாலி இல்லை. வண்டி வாங்கிய புதிதில் தலையை ஆட்டினேன். பிறகு ‘தெரியும், தெரியும்’ என்று கத்தத் தொடங்கினேன். ஹெல்மெட்டுக்குள் கத்துவது எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று தெரிந்தே கத்தினேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் புலம்புவேன். பதினாலு கிலோமீட்டரில் இன்றைக்கு எத்தனை பேர் என்று சொல்வேன். அவர் சிரிப்பார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று நல்ல மனதோடு காட்டுகிறார்கள், அதற்கு எதற்கு இப்படிக் கொதிக்கிறாய் என்பார்.

வண்டி வாங்கி மூன்று வருஷம் கழித்து ஒரு மதியம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். ஒருத்தர்கூடக் கை காட்டவில்லை. பஸ் போனது, டிராக்டர் போனது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிய வேன் போனது. யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவழியாக இந்தச் சனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் என் வீட்டுக்காரர் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அங்கே நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஊர் திருந்திய கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கடைக்குள் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"லைட்டு எரியல" என்றார்.

சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. வீட்டைவிட்டு ஐந்தேகாலுக்கு இறங்கினால்தான் உடை மாற்றிக்கொண்டு நேரத்துக்கு வார்டில் நிற்க முடியும். ஐந்தேகால் எங்கள் பக்கம் நல்ல இருட்டு. முதல் பஸ்ஸே ஆறுக்குத்தான் வரும். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். பாதி வழியில் ரோடு கண்மாய்க் கரைமேல் ஏறி, அரைக் கிலோமீட்டர் வளைந்து, மறுபடி இறங்கும். ஒரு பக்கம் தண்ணீர் இல்லாத கண்மாய், இன்னொரு பக்கம் வயக்காட்டுப் பள்ளம். தடுப்புக் கல் கிடையாது.

அந்த வளைவில்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் விழுந்தார். அப்போது லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். போகவர ஒரு பைக் வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை பைக்கின் முன்விளக்கு பல்பு போய்விட்டது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னார். எதிரே வருகிற வண்டி வெளிச்சத்திலும் பழகிய ரோடு என்கிற தைரியத்திலும் மூன்று நாள் ஓட்டினார். வியாழக்கிழமை பொழுது மங்குகிற நேரம், வளைவு இறக்கத்தில் விறகு ஏற்றிய டிரெய்லர் ஒன்று விளக்கில்லாமல் நின்றிருக்கிறது. நேராகப் போய் அதில் மோதினார். வலது காலில் கம்பி வைத்தார்கள். முட்டி இன்றைக்கும் மடங்காது. லோடு ஆட்டோ கைவிட்டுப் போனது, பெட்டிக்கடை வந்தது. முப்பத்தெட்டு வயதில் நான் ஸ்கூட்டர் ஓட்டப் படித்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. கால் போனதற்காக இல்லை, அந்த மூன்று நாளுக்காக. அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

அதனால் அன்றைக்கு லைட் எரியவில்லை என்றதும் கடையை அப்படியே சாத்திவிட்டார். என்னைத் திரும்ப டவுனுக்கு அனுப்பினார். நாளைக்கு என்கிற பேச்சே இல்லை. இரண்டு பல்பு வாங்கி வரச் சொன்னார். ஒன்று வண்டிக்கு, ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வெகுநாள் வளைகுடாவில் வண்டிப் பட்டறையில் இருந்துவிட்டு வந்து போட்ட கடை. அவரிடம் வாங்கி வந்து கொடுத்தேன்.

மாட்டுகிற வேலையை என் வீட்டுக்காரர் யாருக்கும் விடவில்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, முன்மூடியின் நாலு திருகாணியையும் கழற்றி என் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுவைத்தார். பின்னாலிருந்த ரப்பர் மூடியை உரித்து, வயரைப் பிடுங்கி, கம்பிக் கொக்கியைத் தள்ளிப் பழைய பல்பை எடுத்தார். அதற்குமேல் நான் நின்று பார்க்கவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு, போய்ப் படுத்துவிட்டேன். எழுந்து வந்தபோது வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி, வெளிச்சம் வட்டமாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு பல்பு சாமி அலமாரியில் குலசாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றது. அட்டையைக் கழற்றி, கண்ணாடியில் திருநீறு பூசி, நடுவில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்.

எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அவர் கையால் திருநீறும் பொட்டும் வாங்காமல் உள்ளே போனதில்லை. மிக்சிக்கு உண்டு, கேஸ் அடுப்புக்கு உண்டு, கடைத் தராசுக்கு உண்டு. நான் வாங்கிவந்த பிரஷர் பார்க்கிற மெஷினுக்கும் வைத்தார். ஸ்கூட்டர் வந்த அன்றைக்கு அதன் நெற்றியில், அதாவது விளக்குக் கண்ணாடிமேல், பட்டையாகத் திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கம்பெனி பல்பு மூன்று வருஷம் எரிந்தது. புதுப் பல்பு ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி ஒரு மதியம், யாரும் கை காட்டவில்லை. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. பாதி வழியிலேயே வண்டியை நிறுத்தி விளக்குக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. அவர் சாமி அலமாரியிலிருந்த பல்பை எடுத்து மாட்டினார். நான் இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் பொட்டு வாங்கிக்கொண்டு அலமாரி ஏறியது.

அலமாரியிலிருந்து வண்டிக்குப் போனது ஒரு மாதம் எரிந்தது. அது அணைந்தது மதியத்தில் இல்லை. விடியாத வேளையில், கண்மாய்க் கரைமேல், வளைவின் நடுவில் அணைந்தது. கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. செல்போன் வெளிச்சம் என் செருப்பைத் தாண்டி விழவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் பீய்ச்சியடித்தபோதுகூட நான் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்தது. அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்கு மல்லிகைப் பூ மூட்டை கொண்டுபோகிறவர். நிறுத்தி விசாரித்து, தன் பின்னாலேயே வரச் சொல்லிவிட்டு மெதுவாகப் போனார். அவர் வண்டிக்குப் பின்விளக்கு கிடையாது. அவர் வெளிச்சம் முன்னால், ஈரச் சாக்கு மூட்டை நடுவில், அந்த மூட்டை ஓரத்தில் கசிகிற மங்கலில் நான். கரை இறங்குகிற இடத்தில், வழக்கம்போல, விறகு டிரெய்லர் ஒன்று விளக்கில்லாமல் நின்றது. பூக்காரர் அதை ஒதுங்கிப் போனார், நானும் ஒதுங்கிப் போனேன். வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிஷம் தாமதம். அவ்வளவுதான் நடந்தது. மத்தியானம் போனில் என் வீட்டுக்காரரிடம் வளைவில் பல்பு போய்விட்டதை மட்டும் சொன்னேன். டிரெய்லரைச் சொல்லவில்லை.

கோபத்தை யார்மேலாவது காட்ட வேண்டியிருந்தது. பாய் வசமாகக் கிடைத்தார். வேலை முடிந்ததும் கடைக்குப் போய், போலிச் சரக்கைத் தலையில் கட்டுகிறீர்கள், ஒரு உயிர் போயிருந்தால் யார் பதில் சொல்வது என்று, கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. எரிந்துபோன பல்புகள் இருக்கிறதா, இருந்தால் கொண்டுவந்து காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டார். என் வீட்டுக்காரர் எதையும் தூக்கிப் போடுகிற ஆளில்லை. அன்று அலமாரியிலிருந்த பல்பை அவர் மாட்டிவிட்டார். மறுநாள் நான், அவர் கடைக் கல்லாவுக்கு அடியிலிருந்த பழைய பல்புகள் மூன்றையும் ஒரு தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

பாய் மூன்றையும் கல்லா மேசைக் கண்ணாடியில் வரிசையாக வைத்தார். முதலாவது, வண்டியோடு வந்தது. மேலெல்லாம் ஒரே சீராகக் கறுத்திருந்தது. அது ஆயுசு முடிந்து போனது என்றார். மற்ற இரண்டும் கறுக்கவில்லை. ஒரு பக்கத்தில் வெள்ளையாகப் பூத்து, அந்த இடம் மட்டும் கொப்புளம் மாதிரி புடைத்திருந்தது. இரண்டிலும் ஒரே இடம், ஒரே அளவு. ஒரு விரல் நுனி அளவு.

"பல்ப வீட்டுல யாரு சிஸ்டர் மாட்டுறது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரவுக."

"சும்மா தொட்டா இம்புட்டு வராது. எதையோ பூசியிருக்காக." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக் கேட்டார். "துன்னூறா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். இந்த பல்புக் கண்ணாடி அடுப்புக் கங்கு மாதிரி காய்கிறது, அதில் எண்ணெய்ப் பிசுக்கோ சாம்பலோ ஒட்டினால் அந்த இடம் மட்டும் இளகிப் புடைத்து உள்ளேயிருக்கிற வாயு போய்விடும் என்றார். வளைகுடாப் பட்டறையில் கையுறை போடாமல் இதைத் தொட்டால் மேஸ்திரி வேலையைவிட்டே நிறுத்திவிடுவாராம். பிறகு, நான் சங்கடப்படுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எங்க வீட்டுலயும் புது வண்டி வந்தா ஓதி ஊதத்தான் செய்வாக. ஊதுறதுல பல்புக்கு ஒண்ணும் ஆகுறதில்ல. அதுனால நாங்க தப்பிச்சோம்."

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முந்தின நாள் போட்ட சத்தத்தின் அளவுக்கு அது இல்லை, ஆனாலும் கேட்டேன். ஊசி முனையில் விரல் பட்டுவிட்டது என்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை அழ வைத்திருக்கிறேன். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டு அலமாரியில் பல்பு திருநீறு பூசிக்கொண்டு நின்றதை மாதக் கணக்கில் தினமும் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

புதுப் பல்பு ஒன்றை வாங்கி அட்டையோடு பைக்குள் வைத்தேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப்போய் ஒரு ஜோடி கையுறையும் கொஞ்சம் ஸ்பிரிட் பஞ்சும் எடுத்துக்கொண்டேன். வரும் வழியெல்லாம் யோசித்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லாமலே ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் வைத்து யாரையாவது மாட்டச் சொல்லலாம். கடையில் சரக்கு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அலமாரி ஏறுகிற அடுத்த பல்புக்கும் பொட்டு விழும். அடுத்த தடவையும் பூக்காரர் வருவார் என்பது நிச்சயமில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் விடாமல் கை காட்டினார்கள். இப்போது வண்டியில் எரிகிற பல்பிலும் ஒரு கொப்புளம் ஊறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் வைத்துச் சொன்னேன். நோயாளியின் ஆட்களிடம் சொல்வதுபோல, நேராக, சுற்றி வளைக்காமல். எரிந்த பல்புகளைக் காட்டினேன். கொப்புளத்தில் அவர் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். பொருந்தியது. திருநீறையும் பொட்டையும் விளக்குக் கண்ணாடிக்கு வெளியே வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே, எதற்கு உள்ளே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் ஏளனமும் இருந்தது.

"வெளியதான் வச்சேன். மறுநாளே நீ தொடச்சுப்புட்ட" என்றார். "உள்ள இருந்தா ஒனக்குத் தெரியாது, கூடவே வரும்னு நெனச்சேன்."

அவர் இன்னும் அந்த பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கு அந்த வளைவுல ஒன்னைய இருட்டுல விட்டது நான்தானா?"

ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்க மாட்டார்.

அவர் ஸ்டூலிலிருந்து கையை ஊன்றி எழுந்தார். நீயே மாட்டு என்று திருப்புளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கையுறை போட்டு, நாலு திருகாணியையும் கழற்றி, புதுப் பல்பை அதன் உலோகப் பட்டையில் பிடித்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்து, மூன்று காதும் பள்ளத்தில் உட்காருகிற மாதிரி வைத்து மாட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவை. இருபது நிமிஷம் ஆனது. சுவரில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. பார்க்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகு அவர் வண்டிப் பக்கமே வரவில்லை. தினமும் நான் கிளம்புவதற்கு முன்னால் பனியில் நனைந்த சீட்டைத் துடைத்து வைப்பார், அதையும் விட்டுவிட்டார். காற்று இருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான் புறப்படும் சத்தம் கேட்டும் எழுந்து வராமல் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருட்டில் அந்த வளைவைத் தாண்டும்போது விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. எனக்குத்தான் மனசு கஷ்டமாக இருந்தது. ஏழு வருஷம் முகத்தில் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. தேடினாலும் கிடைக்கவில்லை.

நாலாவது நாள் மதியம் வேலை முடிந்து வந்தேன். மினி பஸ் டிரைவர் கை காட்டினார். ஆடு மேய்க்கிற அம்மா காட்டினார். எங்கள் ஊர் தெரிகிற நேர்ரோட்டில் திரும்பியபோது, தூரத்தில் அவர் கடையைவிட்டு வெளியே வந்து, கம்பை ஊன்றி ரோட்டோரம் நிற்பது தெரிந்தது. கிட்டே போகப் போக அவர் வண்டியைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு கம்பை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் குவித்து விரித்தார். மறுபடி குவித்து விரித்தார்.

இந்த விளக்கை அணைக்க முடியாது என்பது இந்த ரோட்டிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் கத்தவில்லை. ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, அதே மாதிரி குவித்து விரித்துக் காட்டினேன்.

அந்த பல்பு இன்றுவரை எரிகிறது. தினமும் மதியம் நான் அந்த நேர்ரோட்டில் திரும்பும்போது அவர் வெளியே வந்து நின்று கை காட்டுகிறார். அவர் காட்டாத நாள் வந்தால், எனக்கு வெளிச்சம் இல்லை என்று தெரிந்துகொள்வேன்.